வெள்ளை பீருக்கு ஒரு மூக்கு

ஸ்டோக்ஹாம் ஊரில் மெர்வின் கிரான்ச்சைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் ஊருக்குத் தெரிந்தது அவருடைய பின்னந்தலை மட்டும்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுபவருக்கு அதற்கு மேல் என்ன மரியாதை கிடைக்கும்? அவர் பேருந்தில் ஏறி இறங்கிய பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் செய்து, அவர்கள் பெற்றதுகளும் அதே பேருந்தில் ஏறின. கடைத்தெருவில் எதிரே வந்தால், எங்கேயோ பார்த்த முகம் என்று தாண்டிப் போவார்கள். அவர் திரும்பி நடந்தால்தான், "அட, நம்ம மெர்வின்" என்பார்கள்.

அவருக்கோ ஊரில் ஒவ்வொரு முகமும் அத்துப்படி. தலைக்கு மேலே தொங்கிய கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகங்கள் அவை. எந்தப் பிள்ளை அடுத்த வளைவில் வாந்தி எடுக்கும், எது பக்கத்துப் பையனைக் கிள்ளப் போகிறது, எது வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வந்து சிரித்து மழுப்புகிறது, எல்லாம் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே தெரியும். ஆனால் வாயைத் திறந்து நாலு பேர் முன்னால் பேச வராது. கூட்டம் என்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். 'மூன்று கொக்கு' மதுக்கடைக்குப் பின்னால், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்து விளையாடும் நீளக் கொட்டகையில், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் வியாழன்தோறும் கூடுவார்கள். மெர்வினும் ஏதோ காய்ச்சிக்கொண்டு போனார். அவர் காய்ச்சியது சுமார்தான். ஆனால் அவருக்கு இருந்த மூக்கு இருக்கிறதே, அது லேசுப்பட்டதல்ல. ஒருமுறை ஹெட்லி பிரிங் கொண்டுவந்த பீரை மோந்துவிட்டு, "பாட்டிலை ரோஜாப்பூ சோப்புல கழுவியிருக்கீங்க" என்றார். ஹெட்லி வீடு விற்றுக் கொடுக்கும் தொழிலில் கொழித்தவர். தப்பை ஒப்புக்கொண்டு பழக்கமே இல்லாதவர். அவரே அன்றைக்கு, "ஆமாப்பா, என் பொண்டாட்டி சோப்பு" என்று அசடு வழிந்தார். அன்றிலிருந்து ஜன்னலோர நாற்காலி மெர்வினுடையது. கிரான்ச் மோந்து தலையசைத்தால்தான் பீப்பாய் திறக்கும் என்று ஆகிவிட்டது. அறுபது வயதில் ஒரு மனிதனின் முகத்தை ஊர் முதல்முறையாகப் பார்த்தது.

மூக்கு உள்ளவரை சளி என்பார்கள். போன பனிக்காலத்தில் மெர்வினுக்குச் சளி வந்தது, காய்ச்சல் வந்தது. இரண்டும் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டன.

அதை முதலில் கண்டுபிடித்தது மனைவி ஐரிஸ். அவள் மெதடிஸ்ட் தேவாலயத்துக் குடும்பத்தில் பிறந்தவள்; மதுவை நாக்கில் வைத்ததில்லை. ஒருநாள் தோட்டத்திலிருந்து உள்ளே வந்தால், வீடெல்லாம் புகை. பால் பொங்கி, அடிப்பிடித்து, கருகி, சட்டி கறுத்துப்போய் அடுப்பில் நிற்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து மெர்வின் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"மெர்வின், இது உனக்கு நாறலையா?"

"எது?"

ஐரிஸ் சட்டியைத் தூக்கிக் கழுவுதொட்டியில் போட்டாள். பிறகு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மறுநாள் போய்ப் பார்த்த மருத்துவர், மோப்பம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். காசு வாங்காமல் சொன்னாலும் இது என்ன வைத்தியம் என்று ஐரிஸுக்கு எரிச்சல்.

"வியாழக்கிழமை போய் அவங்ககிட்டச் சொல்லிடு" என்றாள்.

"என்னன்னு சொல்றது?"

"மூக்கு போச்சுன்னு. கொலையா பண்ணிட்ட?"

"மூக்கு இல்லன்னா அங்க நான் யாரு, ஐரிஸ்?"

"நான் உன் மூக்கைப் பாத்தா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்? பாத்திருந்தா பண்ணியே இருக்க மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை போனார், சொல்லவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? முடியும், அந்தக் கொட்டகையில். அங்கே ஒரு வழக்கம் உண்டு: காய்ச்சினவர்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். தான் குடிக்காததை அடுத்தவனுக்கு ஊற்றக் கூடாது. அதற்குப் பிறகுதான் கோப்பை மெர்வினிடம் வரும். மெர்வின் கோப்பையைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். உதடு லேசாகப் பின்வாங்கினால் புளிப்பு. புருவம் ஏறினால் ஏதோ மணம் தூக்கல். முழுங்கும் முன் ஒரு நொடி நின்றால் அவருக்கே சந்தேகம். மெர்வின் மூக்கைக் கோப்பைக்குள் விட்டு, கண்ணை மூடி, நிதானமாக, "கொஞ்சம் புளிப்பு ஏறியிருக்கு, இல்ல?" என்பார். "எப்படித்தான் கண்டுபிடிக்கிறானோ" என்பார்கள். முன்னைவிடப் புகழ் கூடித்தான் போயிற்று. என்றைக்காவது ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்று மெர்வினுக்குத் தெரியும். அந்த ஒருநாள் இந்த வியாழன் இல்லை என்பதே போதுமாக இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் வெள்ளை பீர் விவகாரம் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் அவர்களுடைய டெவன் மாவட்டத்தின் தென்கோடியில் பல தலைமுறைக்கு முன் காய்ச்சிக் குடித்த பீர் அது. கோதுமை மாவும் முட்டையும் போட்டு, மோர் நிறத்தில், நுரைத்துக்கொண்டிருக்கும்போதே குடிப்பது. பீருக்குக் கசப்பு ஏற்றும் ஹாப்ஸ் பூ இதில் கிடையாது. அதற்கு உயிர் கொடுப்பது தாய்மாவு: மாவும் முளைகட்டிய பார்லியும் முட்டை வெள்ளையும் கலந்து, வெதுவெதுப்பான இடத்தில் புளிக்கவிட்டு, தினமும் தீனி போட்டு வளர்க்க வேண்டிய ஒரு களி. அந்தக் காலத்தில் அதை வைத்திருந்த வீட்டுப் பெண்கள் செய்முறையைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லாமலே செத்தும் போனார்கள். பழைய வழிப்போக்கர்கள் எழுதிவைத்த நாலு வரி மட்டும் மிச்சம். அதைக் குடித்த நாக்கு இன்று ஒன்றுகூட உயிரோடு இல்லை.

ஜூலை மாதச் சந்தை வாரத்தில் ஊர்க்காரர்களுக்கு அதை மறுபடி ஊற்ற வேண்டும் என்று கொட்டகையில் முடிவாயிற்று. தாய்மாவு வளர்க்கும் வேலையைப் பலர் ஆரம்பித்து, பலருடையது பூசணம் பூத்து, கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். ஒருவர் ஹெட்லி. இன்னொருத்தி ரோவினா யியோ.

ரோவினா முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தக் கொட்டகைதான் அவளுக்குப் போக்கிடம். வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில், துவட்டுத் துண்டுகளுக்கு நடுவே ஜாடியை வைத்து வளர்த்தாள். அதுக்குப் பசிக்குமே என்று சொந்த அக்காவின் வீட்டுக்குக்கூட இரவு தங்கப் போகவில்லை. "புருஷனை இப்படிக் கவனிச்சிருந்தா ஓடியிருக்க மாட்டான்" என்று ஹெட்லி கேலி செய்தபோது, "ஜாடிக்குக் காலில்லை, அதான் கவனிக்கிறேன்" என்றாள்.

எது சந்தைக்கு என்று முடிவு செய்ய ஒரு வியாழன். இரண்டு சிறிய தொட்டிகள் மேசைமேல் நின்றன. கொட்டகையே மெர்வினைப் பார்த்தது. யாருமே குடித்தறியாத பீர். அது எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? கிரான்ச்சின் மூக்குக்குத் தெரியும்.

ஹெட்லி முதலில் குடித்தார். அவர் தன்னுடையது எதையுமே முகம் மலராமல் குடித்ததில்லை. வாயிலிருந்து இறங்காத சுருட்டு அவருடைய மூக்கை என்றைக்கோ தீய்த்திருக்கும் என்பது வேறு விஷயம். அடுத்து ரோவினா. தொட்டியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஒரு வாய் குடித்தாள். அவளுடைய முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. கண்ணை இறுக்கிக்கொண்டாள். பிறகு அவசரமாகச் சிரித்தாள். வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் கண்ணாடியில் சிரித்த சிரிப்பு அது. மெர்வினுக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும்.

அவர் கோப்பையை மோந்தார். ஒன்றுமில்லை. சும்மா காற்று.

"ஹெட்லியோடது தான்" என்றார். பிறகு ரோவினாவைப் பார்க்காமல், "இது கெட்டுப்போச்சும்மா. அடியில ஒரு அழுகல் வாடை."

"அப்படியா?" என்றாள் ரோவினா. "எனக்கு அப்படித் தோணலையே."

"தாய்மாவுலயே கோளாறு இருக்கும்."

மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் குடித்துப் பார்த்தார்கள். மூக்கும் காதைக் கேட்டுத்தான் நடக்கும் போலிருக்கிறது. ரோவினாவுடையதில் எல்லோருக்கும் அழுகல் அடித்தது. ஹெட்லியுடையதில் யாரோ, "கொஞ்சம் முட்டை வாடை இல்ல?" என்று ஆரம்பித்து, "முட்டை போட்ட பீர்ல முட்டை வாடை அடிக்காம மீன் வாடையா அடிக்கும்?" என்று ஹெட்லி கேட்டதும் அடங்கிப் போனார். ரோவினா தன் தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

சந்தைக்கு ஒரு வாரம் இருக்கையில் மெர்வின் ரொட்டிக்கடையில் அவளைப் பார்த்தார். கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"என்ன ஆச்சு ரோவினா?"

"கடைவாய்ப்பல்லு. புடுங்கிட்டாங்க. மாசக்கணக்கா உள்ளேயே ஓட்டை விழுந்து கெடந்திருக்கு. அன்னிக்கு ஜில்லுன்னு என் பீரைக் குடிச்சேனே, அப்பவே உசுரு போச்சு எனக்கு. உங்க எல்லார் முன்னாடியும் கத்தக் கூடாதேன்னு சிரிச்சு வெச்சேன்."

மெர்வினின் கையில் இருந்த ரொட்டி கனத்தது. வாய் திறந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண்மணி, "நகருங்களேன்" என்றாள். அவர் நகர்ந்தார்.

"நீ சொன்னதும் சரிதான் மெர்வின்" என்றாள் ரோவினா, வாயைக் கையால் பொத்திக்கொண்டு. "எனக்கு நல்லா இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. நம்மளோடதுன்னா நமக்கு நாறாது, இல்ல?"

வீட்டுக்கு வந்து ஐரிஸிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஹெட்லி சந்தைக்குக் காய்ச்சியாச்சா?"

"நாளைக்குத்தான் ஆரம்பிக்கிறாரு."

"அப்ப இப்பவே கெளம்பு. கோட்டை எடுத்துட்டு வரேன்."

"போய்? அவதான் கொட்டிட்டாளே. தாய்மாவையும் சேத்துத்தான் கொட்டியிருப்பா. கெட்டுப்போச்சுன்னு சொன்ன மாவை யாரு வெச்சுக்குவா? இனிமே சொல்லி அவ வயித்தெரிச்சலைக் கிளப்புறதுதான் மிச்சம்."

"இது அவளுக்காக நீ படுற கவலையா?"

மெர்வின் குறுக்கெழுத்தை இழுத்து வைத்துக்கொண்டார். ஐரிஸ் எடுத்த கோட்டைத் திரும்பவும் ஆணியில் மாட்டினாள். அன்று அவள் வைத்த மீன்கறியில் உப்பு இருந்ததா, இல்லையா என்றுகூட அவர் கவனிக்கவில்லை. பாவம், தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான். அவ எப்படியும் கொட்டியிருப்பா. தினமும் காலையில் பல் துலக்கும்போது இதை ஒருமுறை சொல்லிக்கொள்வார்.

சந்தை நாள் வந்தது. வழக்கப்படி நகர மண்டபத்து உச்சியில் கம்பு நட்டு, பஞ்சடைத்த வெள்ளைக் கையுறையைத் தொங்கவிட்டார்கள். கையுறை மேலே இருக்கும்வரை சந்தைக்கு வந்த எவரையும் பிடித்து உள்ளே போடக் கூடாது என்பது ராஜா காலத்துச் சட்டம். இன்றைக்கு அதைச் சொல்லி ஆளுக்கொரு கோப்பை கூடக் குடிப்பார்கள், அவ்வளவுதான்.

வெள்ளை பீர்க் கூடாரத்துக்கு முன்னால் நல்ல வரிசை. மெர்வினைப் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். ஹெட்லி அவருடைய தோளில் கை போட்டு, "இந்த மூக்கு தேர்ந்தெடுத்த பீருய்யா இது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். நகரத் தலைவி முதல் கோப்பையை வாங்கினாள். குடித்தாள்.

மெர்வின் அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

இந்த முகத்தைப் படிக்க மூக்கு தேவையில்லை, பேருந்துக் கண்ணாடியும் தேவையில்லை. அடுத்த வளைவில் வாந்தி எடுக்கப் போகிற முகம். அவள் கஷ்டப்பட்டு முழுங்கி, "வித்தியாசமா இருக்கே" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தவர் குடித்தார். "ம்ம், வித்தியாசமா இருக்கு." அதற்கடுத்தவர், "பழக வேண்டிய ருசி" என்றார். ஒருவர்கூடத் துப்பவில்லை. துப்பினால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஊர்க்காரர்கள் மரியாதையால் செத்தாலும் சாவார்களே ஒழிய, ஓசியில் கொடுத்ததை நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வரிசை வரிசையாக முகங்கள் வந்தன, சுளித்தன, சிரித்தன, போயின. கூடாரத்து மூலையில் பூந்தொட்டிகளில் வெள்ளையாக ஏதோ தேங்கி நிற்பதை மெர்வின் பார்த்தார்.

ஒரு கிழவர் தன் மகனிடம் சொல்லிக்கொண்டு போனார்: "இதைக் காய்ச்சுறதை ஏன் நிறுத்தினாங்கன்னு இப்பப் புரியுது."

மெர்வினுக்கும் புரிந்தது. இனிமேல் இந்த ஊரில் வெள்ளை பீர் என்றால் இதுதான். இன்னொரு தடவை யாராவது காய்ச்சினாலும் ஒருவனும் கோப்பையை நீட்ட மாட்டான். தன் நாற்காலியைக் காப்பாற்ற வேண்டி அந்த பீரைத் தானே குழிக்குள் தள்ளி மண்ணும் போட்டாயிற்று.

அப்போதுதான் ரோவினா வந்தாள். கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது. வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது கோப்பையை நீட்டினாள். ஹெட்லி நிறைய ஊற்றினார். அவள் குடிக்கவில்லை, மோந்தாள். அப்புறம் மெர்வினை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்ததை அவரால் படிக்க முடியவில்லை. அல்லது படிக்க மனமில்லை.

"இன்னொரு கோப்பை குடுங்க ஹெட்லி. மெர்வின், கொஞ்சம் பின்னாடி வா."

கூடாரத்துக்குப் பின்னால், காலிப் பெட்டிகளின் மேல் இரண்டு கோப்பைகளையும் வைத்தாள். தன் கைப்பையிலிருந்து ஏதோ புட்டியை எடுத்து, அவருக்குத் தெரியாதபடி குனிந்து கலக்கினாள், அல்லது கலக்குவது போலச் செய்தாள்.

"ஒண்ணு ஹெட்லியோடது. இன்னொண்ணுல வேற ஒண்ணு கலந்திருக்கு. எதுன்னு சொல்லு."

சொல்லிவிட்டு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

மெர்வின் முதல் கோப்பையை எடுத்தார். மோந்தார். குடித்தார். இரண்டாவதை எடுத்தார். எதிரே ரோவினாவின் நீலக் கம்பளிச் சட்டையும், வாராமல் முடிந்த கொண்டையும்தான் இருந்தன. ஒரு முகம் இல்லை. கூடாரத்துக்குள் யாரோ பாட்டு ஆரம்பித்தார்கள். இடதா, வலதா என்று குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி தப்பித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியல ரோவினா" என்றார்.

அவள் திரும்பவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான். எப்பலேர்ந்து?"

"பனிக்காலத்துலேர்ந்து. அந்தக் காய்ச்சலுக்குப் பின்னாடி."

"அப்ப என்னோடதை எதை வெச்சுக் கெட்டுப்போச்சுன்ன?"

"உன் முகத்தைப் பாத்துத்தான்."

"எனக்குப் பல்லு வலி, மெர்வின்."

"தெரியும். ரொட்டிக்கடையில நீ சொன்னப்பவே தெரிஞ்சுது."

இப்போது அவள் திரும்பினாள். அழவில்லை, கோபமாகவும் இல்லை. சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த களைப்பு மாதிரி ஒன்று மட்டும் இருந்தது.

"ஒரு வாரமா தெரிஞ்சும் சொல்லலை."

"நீதான் எல்லாத்தையும் கொட்டிட்டியேன்னு..." மெர்வின் திணறினார். "தாய்மாவும் போயிருக்கும், இனிமே சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன்."

"தொட்டியைத்தான் கொட்டினேன். ஜாடியைக் கொட்ட மனசு வரல. நீ கெட்டுப்போச்சுன்ன, சரி. இருந்தாலும் பொறந்தது உசுரோட பொங்கிட்டு இருக்கே, எப்படிக் கொட்டுறது? தெனம் தீனி போட்டேன். ஒருவேளை நீ மறுபடி மோந்து பாத்தா மனசு மாறுவியோன்னுகூட இருந்துச்சு." அவள் கோப்பைகளில் மிச்சமிருந்ததைப் புல்லில் ஊற்றினாள். "இன்னிக்குக் காலைல ஹெட்லியோட பீப்பாயை என் வாசல் வழியா உருட்டிட்டுப் போனாங்க. அதைப் பாத்ததும்தான், நமக்கென்ன பைத்தியமான்னு ஜாடியைக் கொட்டிக் கழுவி வெச்சுட்டு வந்தேன்."

மெர்வின் கூடாரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாத" என்றாள் ரோவினா. "கையுறை மேலதான் இருக்கு. இன்னிக்கு யாரையும் பிடிக்க மாட்டாங்க."

காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவள் போனாள். மெர்வின் கூடாரத்துக்குள் நுழைந்து, வரிசையை விலக்கிக்கொண்டு போய், பீப்பாயின் குழாயைத் திருகி மூடினார்.

"என்னய்யா பண்ற?" என்றார் ஹெட்லி.

கூட்டம் மொத்தமும் மெர்வினின் முகத்தைப் பார்த்தது. அவர் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.